கழுவாமல் தின்னலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘மண்ணே படாதது, கழுவாமல் சாப்பிடலாம்’ என்று சொல்லித்தான் எங்கள் பகுதிக் கடையில் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல், சத்துக் கலந்த தண்ணீரில் வளர்த்த) கீரையை விற்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பசுமைக்குடில் ஒன்றில் இம்முறையில் விளைந்த கீரையால் சால்மோனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி பரவி 31 பேர் நோயுற்றார்கள். அதே கிருமி, பண்ணையை ஒட்டிய மழைநீர்க் குட்டையிலும் இருந்தது. பெரும்பாலும் ஒரே தொட்டித் தண்ணீர்தான் குழாய் வழியே எல்லாச் செடிகளின் வேரையும் நனைத்துத் திரும்புகிறது. அதில் கிருமி கலந்து, குழாயின் உட்புறம் வழவழவென்று படலமாக ஒட்டிக்கொண்டால், தண்ணீரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்த்துக் கழுவித் தொற்று நீக்க வேண்டும். பச்சையாகத் தின்னும் இலை ஆயிற்றே! தண்ணீரைப் பரிசோதித்த தேதியைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, கோவை