வாசலைக் கடந்த மிஷினும் வாழைத்தடை ஆச்சியும்

அப்பாவின் கடையிலிருந்த வீடியோ கேம் மிஷின் வெளியே வந்துவிட்டது. முழுசாக வந்துவிட்டது. இரண்டு நாளாகப் போனில் "என்னாச்சு மக்கா" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. தோள் இரண்டும் கழன்று கிடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கடையைக் காலி செய்த கதை உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி கிளறவில்லை. அப்பா அந்த மிஷினை உள்ளே இறக்கிய காலத்தில் கடைக்கு வாசல் நிலையே கிடையாது, பலகை அடைப்புதான். நிலையும் கதவும் பிறகு வந்தவை. உள்ளே ஆளுயரத்தில் ஒன்று நிற்கிறதே, அது என்றாவது வெளியே வரவேண்டுமே என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை! கதவைத் திறந்து வைத்தால் வழி 26 அங்குலம். மிஷின் அகலம் 27. கனமோ நூறு கிலோவுக்கு மேல்.

கதவைக் கீலோடு கழற்றித் தந்த ஆசாரி மாமாவுக்கு நன்றி. திறந்து கிடக்கும் கதவும் தன் தடிமனுக்கு வழியை அடைக்கும் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. அதில் ஒன்றேகால் அங்குலம் கிடைத்தது. கனத்தைக் குறைக்கப் பிக்சர் டியூபைக் கழற்ற வந்த டிவி மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூடிரைவரில் வயரைச் சுற்றி, மறுமுனையைச் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், கவ்வவிட்டு, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். 'டப்'பென்று ஒரு சத்தம். பிளக்கைப் பிடுங்கி நாளானாலும் உள்ளே கரண்ட் காத்திருக்குமாம். டியூபைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோன தம்பிக்கும், கயிறு தந்த லோடுமேன் அண்ணன்களுக்கும், டீ வாங்கித் தந்து காசு வாங்காத எல்லாருக்கும் நன்றி.

நிலை உயரமும் குறைவு என்பதால் மிஷினை மல்லாக்கச் சாய்த்தோம். பாதி வாசலில் அது நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்துக் கால் அங்குலம்தான் இடைவெளி, விரல் நுழையாது. பிடிக்க இடமில்லாததை எப்படித் தூக்குவது? வேளிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மிஷினின் உடம்பு சிப்போர்டு, மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த பலகை. நனைந்தால் ஊறி உப்பிவிடும். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த ஆச்சி வந்தாள். நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையில் வாழைத்தண்டு விற்கிறவள். நாங்கள் வழியை மறித்துக் கிடந்ததால் பெட்டியை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"ஏன் மக்களே தூக்குதிய? தூக்குனா வருமா? வழுக்கி விடுங்க."

சந்தைக்குத் திரும்பிப் போய், தண்டு உரித்துப் போட்ட தடைகளை, அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் வாழைப்பட்டைகளை, ஒரு கட்டு அள்ளி வந்தாள். பச்சைத் தடை, சொட்டச் சொட்ட. காலால் மிதித்துச் சப்பையாக்கி, வழுவழுப்பான உள்பக்கம் ஒன்றையொன்று பார்க்க இரண்டிரண்டாக அடுக்கினாள். கடப்பாரையால் நாங்கள் லேசாக நெம்ப, அவளே குனிந்து அடியில் செருகினாள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். "இப்ப இழுங்க."

மூன்று பேர் இழுத்தோம். இரண்டு மணி நேரம் ஆறு பேருக்கு அசையாதது, எண்ணெய் போட்டது மாதிரி வந்தது. நிலையில் ஒரு கீறல் இல்லை.

"எங்க மாமியார் வீட்டுப் பத்தாயம் இதவிடப் பெருசு. பாகம் வச்ச அன்னைக்கு இப்பிடித்தான் வெளிய எடுத்தோம்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நெல் போட்டுவைக்கும் அந்தப் பத்தாயம் எங்கே போனதோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டைவிட்டு ஒரு பொருள் போவதை அவள் முன்னமே பார்த்திருக்கிறாள். நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ரூபாயை நீட்டினேன். "மாட்டுக்குப் போடுற தடைக்கு ரூவாயா?" என்று சிரித்துவிட்டுப் பெட்டியைத் தலையில் ஏற்றினாள். போகிறபோது திரும்பி, "இதுல என்ன படம்டே வரும்?" என்றாள். சண்டை வரும் ஆச்சி என்றேன். "அது வீட்டுலயே உண்டுல்லா."

மறுநாள் மட்டி வாழைக்குலை ஒன்று வாங்கிக்கொண்டு போனால் ஆச்சியின் இடம் காலியாக இருந்தது. பேர்கூடக் கேட்கவில்லை நான், மடையன். டியூபைத் திரும்ப மாட்டி மிஷின் ஓடும் அன்றைக்கு முதல் ஒரு ரூபாயை அவள் கையால்தான் போடவேண்டும். அதுவரை யாரும் ஆடவரக் கூடாது, பழைய ஆட்களானாலும் சரி. சந்தைப் பக்கம் போகிறவர்கள் ஆச்சியைப் பார்த்தால் இதைச் சொல்லிவிடுங்கள். மிஷின் முதுகெல்லாம் வாழைக்கறை. என் சட்டையிலும்தான். அம்மா இரண்டு தரம் துவைத்துப் பார்த்துவிட்டு, "இனி இது போவாது" என்று கொடியில் காயப் போட்டுவிட்டாள்.