ஏழரைக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மருமகளும் நலம்தானே? போனில் கேட்டால் "ம், நல்லா இருக்கோம்ப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உங்கம்மா சனிக்கிழமை தவறாமல் சுகவனேசுவரர் கோயிலில் உன் பெயருக்கு எள் விளக்கு போடுகிறாள். உனக்கு ஏழரை நடக்கிறதாம். காலமெல்லாம் அறிவியல் பாடம் நடத்தியவன் வீட்டில் இப்படி.

காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்தே காட்டினேன். சனி சூரியனை ஒரு சுற்று சுற்றி முடிக்க ஏறக்குறைய 29½ வருடம். ராசி 12. ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம் ஆகும். உன் ராசி, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மூன்றும் சேர்ந்தால் ஏழரை. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்தே இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் சனி மெதுவாகப் போவதற்கு நொண்டிக் கால் காரணமில்லை. தூரம்தான். சூரியனிலிருந்து நாம் இருப்பதைப்போல ஒன்பதரை மடங்கு தொலைவில் இருக்கிறது. சூரியனின் இழுப்பு அங்கே நமக்கு இருப்பதில் 90-ல் ஒரு பங்குதான். பூமி வினாடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது, சனிக்குப் பத்துகூட வராது. சுற்றுவழியும் நீளம். அதற்காக அது சூரியனை விட்டுப் போய்விடவில்லை. எந்நேரமும் சூரியனை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டம் இருப்பதால் போய் மோதுவதில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஏழரைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்கல்ல" என்கிறாள்.

நீயானால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாய். எட்டாவது படிக்கும்போது சமையலறைக் கதவில் இரண்டு ஆணி அடித்து, நூலைக் கட்டி நீள்வட்டம் போட்டாயே, அது இன்னும் இருக்கிறது. சூரியன் நடுவில் இல்லை, ஒரு ஆணியில்தான் இருக்கிறது என்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்தாய். அவ்வளவு வாய் பேசின பிள்ளைக்கு இப்போது வீட்டோடு பேச ரெண்டு நிமிஷம்தான்.

ஏற்காட்டு அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்ன மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்... சரி, அதை அப்புறம் எழுதுகிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசினபோது உனக்குப் பின்னால் பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டு தெரிந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். மருமகள் தூங்குகிறாள் என்றாய். டொராண்டோவில் அப்போது பகல் பதினொரு மணி. நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கம்மா கண்ணாடி போட்டிருக்கவில்லை, அவள் கவனிக்கவில்லை. பணம் ஏதும் வேண்டுமென்றால் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெளிச் சாப்பாட்டைக் குறை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள், திரும்பி வர எட்டாகும். வீட்டில் நான் மட்டும்தான். உனக்கு அது காலை நேரம். அப்போது கூப்பிடு.

அப்பா
அஸ்தம்பட்டி, சேலம்