கோடை வாசிப்பை நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏபி (Advanced Placement) எனப்படும் கல்லூரித் தரத்து ஆங்கில வகுப்பில் சேரும் மாணவர்களுக்கு விடுமுறையில் தரப்படும் வாசிப்பையும் குறிப்பேட்டையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு தந்தை எழுதியிருந்தார். நியூ ஜெர்சியில் அந்த வகுப்பை நடத்துபவள் என்ற முறையில் அவருடைய கோபத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அவருடைய முடிவை ஏற்க இயலவில்லை.

முதலில் ஒரு திருத்தம். கோடை வாசிப்பு, ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பின் கட்டளை என்று அவர் கருதுகிறார். அப்படியொரு விதி இல்லை. இன்ன நூலைத்தான் படிக்க வேண்டும் என்ற பட்டியலையும் அந்த அமைப்பு விதிப்பதில்லை. எந்த நூல், எத்தனை குறிப்புகள், எந்த நாளில் ஒப்படைப்பது என்பதெல்லாம் அந்தந்தப் பள்ளியும் ஆசிரியரும் எடுக்கும் முடிவுகள். ஆகவே பெற்றோர் முறையிட வேண்டிய இடம் தம் பிள்ளையின் பள்ளியிலேயே இருக்கிறது.

இந்த வாசிப்பு எதற்கு என்ற அவருடைய கேள்விக்கு மே மாதத் தேர்வைக் கொண்டே விடை சொல்லலாம். ஏபி ஆங்கில இலக்கியத் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும்; மொத்த மதிப்பெண்ணில் 55 விழுக்காடு அவற்றுக்கே. முதல் இரண்டு கட்டுரைகளுக்குரிய கவிதையும் உரைநடைப் பகுதியும் வினாத்தாளிலேயே இருக்கும். மூன்றாவதற்கு அப்படிப் பகுதி எதுவும் இராது, கேள்விதான் வரும். அதற்குப் பொருந்தும் நாவலையோ நாடகத்தையோ மாணவர் தாமே தேர்ந்தெடுத்து, நூல் கையில் இல்லாமல், நினைவிலிருந்து எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய 6 புள்ளிகளில் 4 புள்ளிகள், நூலிலிருந்து சான்று காட்டி, அச்சான்று தம் வாதத்துக்கு எவ்வாறு வலுச்சேர்க்கிறது என்று விளக்குவதற்கானவை. கதையைத் திரும்பச் சொல்பவருக்கு அவற்றில் அதிகம் கிடைக்காது.

குறிப்பேடு பழக்குவதும் இதைத்தான். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்புறம் நூலின் வரியையும் பக்க எண்ணையும், வலப்புறம் அவ்வரி எழுப்பிய எண்ணத்தையும் எழுதுவது வழக்கம். ஆன் பெர்த்தாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியை பரப்பிய முறை இது. ‘இந்த வரி அழகாக இருக்கிறது’ என்று எழுதினால் பயனில்லை. ‘மூன்றாம் அத்தியாயம் வரை தந்தையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கதைசொல்லி, இந்தப் பக்கத்திலிருந்து ஏன் “அவர்” என்று மட்டும் சொல்கிறாள்?’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்தக் கேள்வியே ஒரு முழுக் கட்டுரைக்குப் போதும். எட்டு மாதம் கழித்து அந்த நாவலை அவள் மறக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணமாகும்.

கட்டுரையாளரின் கோபம் நியாயமாவது எண்ணிக்கையில். நூலுக்கு இருபது, முப்பது குறிப்புகள் கேட்கும் பள்ளிகள் உண்டு. அப்போது பிள்ளை கதையை விட்டுவிட்டு மேற்கோள்களைப் பொறுக்கத் தொடங்குகிறது. அதுவும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில். பக்க எண்கள் பத்து, இருபது, முப்பது என்று சீராக ஏறும் குறிப்பேட்டைக் கண்டதும் எங்களுக்குப் புரிந்துவிடும், நாங்கள் அவ்வளவு அப்பாவிகள் அல்லர். நூலைப் படிக்காமலே கதையை அறிய உதவும் கிளிஃப்ஸ்நோட்ஸ் சுருக்கக் கையேடுகள் 1958 முதல் இருந்துவருகின்றன. இப்போது சாட்ஜிபிடி முப்பது குறிப்புகளையும் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறது. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வந்து சேரும். அதைவிடத் தவறு, வகுப்பு தொடங்கும் முன்பே அதற்கு மதிப்பெண் போடுவது. கோடை முழுவதும் கடையில் வேலை செய்யும் மாணவரும் என் வகுப்புக்கு வருகிறார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே அவரைப் பின்தள்ளுவதற்கு நியாயமில்லை.

ஒரு நூலை ஆசிரியர் சொல்லட்டும், இன்னொன்றை மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். நூலுக்கு எட்டுக் குறிப்புகள் போதும். மதிப்பெண் வேண்டாம், முதல் வார உரையாடலுக்கு அவை அடிப்படையாக இருக்கட்டும். குறிப்புகள் கையால் எழுதப்பட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2025 முதல் தேர்வு முழுவதும் கணினியில்தானே நடக்கிறது என்று பெற்றோர் கேட்கிறார்கள். உண்மைதான், ஆனால் ஒரு வரியைக் கையால் பெயர்த்தெழுதும்போது கண் அதில் சற்று நேரம் தங்குகிறது. வெட்டி ஒட்டுவதில் அது நிகழ்வதில்லை.

ஊர்ப் பயணம் கெடுகிறது என்ற குறையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை விடுமுறை; பொது நூலக மின்னூல்களுக்கான லிப்பி (Libby) செயலியில் மின்னூலை இரவல் பெற்றுக்கொண்டால் பெட்டியில் எடையும் கூடாது. பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே: பிள்ளையின் குறிப்பேட்டைத் திருத்தாதீர்கள்.

கட்டுரையாளர் தம் மகள் நூலைத் திட்டி எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டி, இதுவா படிப்பு என்று கேட்டிருந்தார். திட்டியதற்குக் காரணமும் பக்க எண்ணும் அதில் இருந்தால், என் வகுப்பில் முதல் நாள் உரக்கப் படிக்கச் சொல்வது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நியூ ஜெர்சி