விடுதியில் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கட்டடப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி. முதலாண்டிலிருந்தே கல்லூரி விடுதியில்தான் தங்கியிருக்கிறேன். விடுதிகளைப் பற்றி நாளிதழ்களில் செய்தி வந்தால் பெரும்பாலும் சாப்பாடு சரியில்லை, தண்ணீர் வரவில்லை, ராகிங் நடந்தது என்றுதான் வருகிறது. எல்லாம் வர வேண்டிய செய்திகள்தான். நான் எழுத நினைப்பது செய்தியாக வராத ஒன்றைப் பற்றி. எங்கள் தளத்தில் ஒரு காமன் ரூம் இருந்தது. இப்போது இல்லை.

சேர்க்கை கூடியது, கட்டில் போதவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அறைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு, இரண்டு பக்கமும் அடுக்குக் கட்டில்கள், கதவில் புதுப் பூட்டு. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடமில்லாத பிள்ளைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், இதைப் போய் எப்படி எதிர்ப்பது என்று எங்களில் பலருக்குத் தயக்கம். அந்த அறையில் இப்போது தங்கியிருக்கும் முதலாண்டு மாணவிகள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்கும் கட்டில் வேண்டும். ஆனால் இடம் குறையும்போதெல்லாம் முதலில் கை வைக்கப்படுவது பொது அறையாகவே இருக்கிறது. இந்த வழக்கம் தவறு என்று நினைக்கிறேன்.

அந்த அறையில் அப்படி ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. இரண்டு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு கேரம் போர்டு, ஜன்னலோரம் செய்தித்தாள் ஸ்டாண்டு. உங்கள் நாளிதழும் அதில் இருக்கும். மதியத்துக்குள் விளையாட்டுப் பக்கம் தனியாகக் கழன்று வேறு கைக்குப் போய்விடும். மீதிப் பக்கங்கள் சாயங்காலம் வரை மேசை மேசையாகச் சுற்றும். உதவித்தொகை விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். இன்டர்னல் தேர்வுக்கு முந்தின இரவு ஒருத்தி கணக்கு போட்டுக் காட்ட, வேறு துறைப் பெண்களும் வந்து சுற்றி உட்கார்ந்ததும் அங்கேதான். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களை எதிரே உட்கார வைத்து மற்றவர்கள் கேள்வி கேட்டுப் பழக்குவார்கள். வீட்டு நினைவு வந்து முகம் வாடிக் கிடக்கும் பிள்ளை அறைக்குள் போய்ச் சுருண்டுகொள்ளாமல், யாரோடும் பேசாவிட்டாலும் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கவும் அது ஒரு இடமாக இருந்தது. என்னைக் கேட்டால், அந்த அறையின் முக்கியமான உபயோகமே இந்தக் கடைசி ஒன்றுதான்.

இப்போது இதெல்லாம் படிக்கட்டில் நடக்கிறது. இரவு எங்கள் மாடிப்படியில் ஏறினால் தெரியும். மடியில் லேப்டாப்போடு ஒருத்தி, அவளுக்கு இரண்டு படி மேலே வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டு இன்னொருத்தி, திருப்பத்தில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு ஒருத்தி. நாம் ஏறும்போது மூன்று பேரும் எழுந்து ஒதுங்கி வழிவிட வேண்டும். அழுகிற பெண்கூட எழுந்து நிற்க வேண்டும்.

அறைக்குள் செய்ய முடியாதா என்று கேட்கலாம். எங்கள் அறை மூன்று பேருக்கானது. மூன்று கட்டில், மூன்று மேசை, மூன்று அலமாரி போட்ட பிறகு ஒருவர் நடந்தால் மற்றவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒருத்திக்கு விடியற்காலை அலாரம் அடிக்கும். இன்னொருத்திக்கு நள்ளிரவுக்கு மேல்தான் படிப்பு ஏறும். பதின்ம வயதில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது, இருபதை ஒட்டித்தான் மெல்லத் திரும்பத் தொடங்குகிறது என்று தூக்கத்தை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பதை இரவு வெளிச்சம் தடுக்கும் என்பதும் தெரிந்ததுதான். அதனால் லைட்டை அணை என்று ஒருத்தி சொல்வதும், நாளைக்குத் தேர்வு என்று மற்றவள் மறுப்பதும் குணக்கோளாறு இல்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சண்டையைத் தீர்க்கக் கூடுதலாக ஒரு மேசையும் ஒரு விளக்கும் வேறோர் இடத்தில் இருந்தால் போதும். எங்களுக்கு இருந்தது.

படிப்பின் ஒரு பகுதியாக விடுதிக் கட்டடங்களைப் பற்றி வாசிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நாங்கள் உணர்ந்ததை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இரண்டு வகை விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் நீண்ட வராண்டா, இரண்டு பக்கமும் அறைகள், 30-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொதுவான குளியலறை. இன்னொன்றில் நாலைந்து பேர் சேர்ந்த சிறு சிறு தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கூடமும் குளியலறையும். ஆளுக்குக் கிடைக்கும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நீள வராண்டாவில் இருந்தவர்கள்தான் நெரிசலாக இருக்கிறது என்றார்கள். வேண்டாத சந்திப்புகள் அதிகம் என்றார்கள். இன்னொன்றும் நடந்தது. விடுதிக்கு வெளியே, வேறோர் அறையில், முன்பின் தெரியாத ஒருவரோடு காத்திருக்க வைத்தபோதும் அவர்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்தார்கள், அவர் முகத்தைப் பார்ப்பதைக்கூடத் தவிர்த்தார்கள். தங்கும் இடத்தில் பழகின ஒதுக்கம் வெளியிலும் கூடவே வந்திருக்கிறது. இந்த முடிவுகள் 1977-ல் புத்தகமாகவும் வந்தன.

பிறகு பாம் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து அடுத்த வேலையைச் செய்தார். நீண்ட வராண்டாவின் நடுவில் இருந்த சில படுக்கையறைகளை எடுத்துவிட்டு அங்கே ஒரு பொதுக்கூடம் அமைத்து, ஒரு நீள வராண்டாவை இரண்டு சிறிய வராண்டாக்களாக ஆக்கினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு நெரிசல் உணர்வு குறைந்தது, பக்கத்து அறைக்காரர்களோடு பழக்கம் கூடியது. 1980-ல் வெளியான ஆய்வு இது. அவர்கள் அறைகளை எடுத்துவிட்டுக் கூடம் அமைத்தார்கள். நம் விடுதிகளில் கூடத்தை எடுத்துவிட்டு அறை அமைக்கிறோம்.

யார் யாரோடு நட்பாகிறார்கள் என்பதிலும் கட்டடத்துக்குப் பங்கு உண்டு. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பைப் பார்த்து 1950-ல் இதை எழுதினார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் நண்பர்களாகும் வாய்ப்பு, அதே தளத்தின் மறுகோடியில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். தினமும் தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் காரணம். எங்கள் தளத்தில் ஒரு கோடியில் இருப்பவள் மறுகோடியில் இருப்பவளைத் தற்செயலாகப் பார்க்கக் கூடிய ஒரே இடமாகக் காமன் ரூம் இருந்தது. மெஸ்ஸில் பார்க்கலாமே என்றால், அங்கே தட்டைக் கழுவிவிட்டு ஓடுகிற அவசரம். குளியலறை வாசலில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது யாருக்கும் பேசுகிற மனநிலை இருக்காது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்ற பருவத்தில் கோடி அறையில் ஒரு முதலாண்டு மாணவிக்குக் கடுமையான காய்ச்சல். அறைத்தோழிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. வராண்டாவில் நாள் முழுக்க ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தோம். ஒரு கதவு சாத்தியிருப்பதில் யாருக்கு என்ன தோன்றும்? துடைக்க வந்த அக்கா கதவைத் தட்டிப் பார்த்து, பதில் வராமல் உள்ளே போய், உடம்பு அனலாகக் கொதிப்பதைப் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டாள். அந்த அக்காவுக்கு அவள் பெயர் தெரிந்திருந்தது. எதிர் அறைப் பெண்களுக்குத் தெரியவில்லை. முன்பென்றால், தினமும் சாயங்காலம் வருகிற பிள்ளை எங்கே காணோம் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

பொதுஇடம் வேண்டும் என்று சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சார்லி மங்கர் என்ற பெரும் செல்வந்தர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்துக்கு ஒரு விடுதித் திட்டம் கொடுத்தார். 11 மாடி, சுமார் 4,500 மாணவர்கள். ஆளுக்கொரு தனி அறை, எட்டு எட்டுப் பேருக்கு ஒரு பொதுக்கூடம். ஆனால் பெரும்பாலான அறைகளில் ஜன்னலே கிடையாது. அறை சிறிதாக இருந்தால் பிள்ளைகள் வெளியே வந்து பழகுவார்கள் என்பது அவர் கணக்கு. பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த கட்டடக்கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் 2021-ல் இதை எதிர்த்துப் பதவி விலகினார். 2023-ல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மங்கரின் கவலை சரி, வழி தவறு என்பது என் கருத்து. ஆட்கள் தானாக விரும்பி வருகிற இடமாகக் கூடம் இருக்க வேண்டும். அறைக்குள் இருக்க முடியாமல் ஓடிவருகிற இடமாக அதை ஆக்கக் கூடாது.

நல்லபடியாகக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். விடுதிகளை வடிவமைத்த லூயி கான் வராண்டாவையே தவிர்த்தார். மாடிப்படியையும் தேநீர் அறையையும் நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றிப் பத்துப் பத்து அறைகளாக அமைத்தார். அறையை விட்டு வெளியே வந்தாலே நாலு பேர் உட்கார்ந்து பேசக்கூடிய இடத்தில்தான் கால் வைப்போம். அவ்வளவு பெரிய கலைஞர் எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டார், சரி. ஆனால் இதற்குக் கலைஞரைவிட முக்கியமாக வேண்டியது, அந்த இடத்தை வீண் என்று எண்ணாத ஒரு நிர்வாகம்.

எங்கள் வார்டன் மேடம் நல்லவர். அவரிடம் போய்ப் பேசினோம். அங்கே உட்கார்ந்து அரட்டைதானே அடித்தீர்கள் என்றார். ஆமாம் மேடம், அரட்டையும் அடித்தோம் என்றுதான் சொன்னோம். பிள்ளைகள் எல்லாம் போனும் கையுமாக இருக்கிறார்கள், காமன் ரூம் இருந்தால் மட்டும் பேசிவிடுவார்களா என்றும் கேட்டார். அவருடைய கேள்வியில் உண்மை இருக்கிறது. காமன் ரூமிலும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. ஆனால் கட்டிலில் படுத்துப் போனைப் பார்க்கிறவளை யாரும் கேரம் ஆடக் கூப்பிட மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவளை, ஒரு கை குறைகிறது வா என்று இழுப்பார்கள். அவள் வருவாள். நான் பார்த்திருக்கிறேன். சத்தம் வரும் என்ற கவலைக்கு எங்களிடமே பதில் இருந்தது. இரவு இத்தனை மணிக்கு மேல் படிப்பவர்கள் மட்டும் என்று நாங்களே ஒரு விதி வைத்திருந்தோம். தளத்துக்கு ஒருத்தி பொறுப்பு. பெரும்பாலும் அது ஒழுங்காகவே நடந்தது.

புதிய கல்வியாண்டுக்கு இடம் தேடி வருகிற பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அறையைப் பார்க்கிறீர்கள், குளியலறையைப் பார்க்கிறீர்கள், மெஸ்ஸைப் பார்க்கிறீர்கள், கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்கிறீர்கள். அப்படியே, இந்தத் தளத்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருவது எங்கே என்றும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் கேட்டால் நிர்வாகம் யோசிக்கும். நாங்கள் நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

புது விடுதி கட்டுகிறவர்கள் வரைபடத்திலேயே தளத்துக்கொரு பொதுக்கூடத்தைப் போட்டு, அதைப் படுக்கை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று எழுதியே வைக்க வேண்டும். இருக்கிற விடுதிகளில் பொது அறையைப் படுக்கையறையாக மாற்றியே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், அது எத்தனை மாதத்துக்கு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே தேதியோடு சொல்ல வேண்டும். எங்கள் விஷயத்தில் நாங்கள் கொடுத்த மனுவுக்கு, பரிசீலிக்கிறோம் என்று வாய்மொழியாகப் பதில் வந்திருக்கிறது. நான் இந்த ஆண்டோடு போய்விடுவேன். அறை திரும்பக் கிடைத்தாலும் எனக்குப் பயன்படப் போவதில்லை. இப்போது அந்தப் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் தங்கியிருக்கும் முதலாண்டுப் பெண்களுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அவர்களும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விடுதி மாணவி ஒருத்தி
(பெயர், கல்லூரி வெளியிட வேண்டாம்)