எந்தச் சுவரில் ஒட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு பதிப்பில் இளம் விரிவுரையாளர்களுக்கு அறிவுரை சொன்னவர், ஐந்தாண்டுத் திட்டம் எழுதிக் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டச் சொல்கிறார். ஒட்டலாம். என் ஒப்பந்தம் பதினான்கு வாரம். முடிந்ததும் மேசையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எந்தச் சுவர் என்றும் அவரே சொல்லியிருக்கலாம்.

நான் முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. காலையில் பினாங்குத் தீவில் ஒரு கல்லூரி, மாலையில் அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் இன்னொன்று. நடுவில் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். அதுவும் கல்லூரி கொடுத்ததல்ல. சம்பளம் மணிக்கணக்கு. விடைத்தாள் திருத்துவது அந்தக் கணக்கில் வராது. கடிதத்தில் என்னைச் 'சேவை வழங்குநர்' என்று எழுதிவிட்டதால் ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் இல்லை. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கும் கேட்ட பெண் என் பழைய மாணவி. "மிஸ், நீங்க இன்னும் பெர்மனென்ட் ஆகலையா?" என்றாள். படிக்க வாங்கிய கடனை வசூலிக்கும் பிடிபிடிஎன்காரர்கள் மட்டும் என்னை மறப்பதே இல்லை.

ஆய்விதழ்களில் நிறைய எழுதவும் சொல்கிறார். எழுதினேன், கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன். செமஸ்டர் முடிந்த வாரமே அந்த முகவரியை மூடிவிட்டார்கள். திருத்தம் கேட்டு வந்த கடிதம் அங்கேயே கிடந்தது. எனக்குத் தெரிந்தபோது கெடு முடிந்து மூன்று மாதம்.

உங்கள் மேலும் வருத்தம் உண்டு, ஐயா. நான் பட்டம் வாங்கியபோது 'தோட்டத்துப் பெண் டாக்டரானார்' என்று படம் போட்டீர்கள். அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். சுவரில் இருப்பது அது ஒன்றுதான். அப்புறம், அத்தைமார் தீபாவளிக்குத் தீபாவளி அதைப் பார்த்துவிட்டுச் சம்பளம் எவ்வளவு என்கிறார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். சரி, நியாயம்தான். நாங்கள் வகுப்பை விட்டு வெளியேறினால் அடுத்த வாரமே வேறொருவர் வந்து நிற்பார், செய்தியாகக்கூட வராது.

அடிக்கடி புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் உண்மையிலேயே குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம்தானா, இல்லை நிரந்தர வேலையேதானா என்று பார்க்கவேண்டும் என மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் சொன்னதைத் தாங்கள் அறியாதவர் அல்ல. நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால், தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் 60 நாளுக்குள் மனுக் கொடுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். என் தோழிக்கு அது தெரியவந்தது 75ஆவது நாள். அந்த அறிவுரைப் பகுதியின் ஓரத்தில் இந்த இரண்டையும் கட்டம் கட்டிப் போடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. ஆகவே இம்முறை தயவுசெய்து என் பெயரைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி