ராடு அரித்துப்போனது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

போன மாதம் வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். கையில் நனைந்த செய்தித்தாள் பொட்டலம். கல்லா மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய கேரவனில், அதாவது தங்கிப் பயணம் போகும் வண்டியில், தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டருக்கு நாங்கள் மாட்டிக்கொடுத்த மெக்னீசியம் ராடு. மாட்டும்போது சாண் நீளம், கட்டைவிரல் தடிமன், வழுவழுப்பாக இருந்தது. இப்போது நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிய, மென்று துப்பிய முருங்கைக்காய் மாதிரி கிடந்தது. “ஆறு மாசம்கூட ஆகலை தம்பி. இதுதான் ஒரிஜினலா?” என்றார்.

ஒரிஜினல்தான். ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. மாட்டும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இதே கேள்வியோடு இன்னும் சிலரும் வந்துவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

அந்த ராடின் வேலையே அரிபடுவதுதான். உங்கள் ஹீட்டர் டேங்க் இரும்பு. உள்பக்கம் கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. எவ்வளவு நல்ல பூச்சிலும் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், சூடான தண்ணீர் அங்கேதான் துருவைத் தொடங்கும். இரும்பைவிடச் சீக்கிரம் கரையும் மெக்னீசியத்தை அதே தண்ணீரில் டேங்கோடு சேர்த்து மாட்டிவிட்டால், தண்ணீர் முதலில் அதைத் தின்னும், இரும்பு தப்பித்துக்கொள்ளும். ஜி.ஐ. வாளியில் துத்தநாகம் பூசுவதும், இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதும் இதே கணக்குத்தான். கப்பல் அடியில் அடித்த செப்புத் தகடு அரிக்காமலிருக்க இந்த வழியை ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி 1824-லேயே சொல்லிவிட்டார். ஆக, தேய்ந்த ராடைப் பார்த்தால் டேங்க் பிழைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் ஓடியும் ராடு புதுசு போலவே இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். மேலே சுண்ணாம்பு மூடி வேலையே செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஆறே மாதத்தில் ஏன் போனது? தண்ணீர்தான் காரணம். 2022-ல் கேரள மலையூர் வாகமணில் கேரவன்களை நிறுத்தித் தங்கும் பூங்கா வந்த பிறகு நம் வாடிக்கையாளர்கள் பலருக்கும் வழக்கம் ஒன்றுதான்: கம்பத்தில் போர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு குமுளி மலை ஏறுவது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். உப்பு கூடக்கூட ராடும் வேகமாகக் கரையும். மேலே ஓடைத் தண்ணீர் மட்டுமே பிடிக்கும் வண்டிகளில் அதே ராடு நிதானமாகத் தேய்கிறது. முடிந்தவரை வண்டியின் தண்ணீர் டேங்கை மலைமேல் நிரப்புங்கள். ஏறும்போது வண்டிக்குப் பாரமும் குறையும்.

போர் தண்ணீரின் இன்னொரு தொல்லையை இட்லிக் கொப்பரையின் அடியில் தினமும் பார்த்திருப்பீர்கள், அந்த வெள்ளைப் படிவம். ஹீட்டருக்குள் அதுவே காயிலைச் சுற்றிக் கட்டி, பிறகு முட்டையோட்டுச் சில்லுகளாக உதிர்ந்து அடியில் சேரும். ஷவரில் அடைப்பதும் அந்தச் சில்லுதான்.

நீங்களே கழற்றிப் பார்க்கலாம், கஷ்டமில்லை. முந்தின ராத்திரியே கரண்ட், கேஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். காலையில் பம்பையும் நிறுத்தி, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அப்புறம் ராடின் தலையில் 27 நம்பர் பாக்ஸ் ஸ்பானரை மாட்டுங்கள். நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று திருகுங்கள். ராடு வந்ததும் சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஒரே மூச்சில் கொட்டும். மெல்லிய ஹோஸை உள்ளே விட்டு, சில்லு வருவது நிற்கும்வரை அலசுங்கள். ராடில் முக்கால் பங்கு போயிருந்தால் மாற்றுங்கள். பாதிதான் போயிருக்கிறது என்றால் டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றி அதையே திரும்பப் போடலாம். எங்களிடம் புதிது வாங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சில கேரவன் ஹீட்டர்களில் டேங்க் அலுமினியம். அதில் ராடு கிடையாது, பிளாஸ்டிக் பிளக் மட்டும் இருக்கும். “என் வண்டியில் ராடையே காணோம், ஒன்று போடுங்கள்” என்று கேட்காதீர்கள். இரும்பு, பித்தளை பிளக்கும் அதற்கு ஆகாது, மரை போய்விடும்.

சுண்ணாம்பு கட்டியிருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். அந்த நேரத்தில் நல்ல ராடு உள்ளே இருக்கக் கூடாது. வினிகர் மெக்னீசியத்தையும் கரைத்துவிடும். பழைய ராடைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். அன்றைக்கு அதை மாட்டிக்கொள்ளலாம். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதை ஊற்றிவிட்டுக் கொண்டுவந்த ஒரு டேங்கை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். போன தை மாதம் ஒரு வண்டியைச் சுத்தம் செய்துவிட்டு பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்து அனுப்பிவிட்டோம். தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் நேராகக் குழாய்க்கே போயிருக்கிறது. குழாயில்தான் தண்ணீர் வருகிறதே என்று அவர்கள் ஸ்விட்சைப் போட, காலி டேங்கில் காயில் எரிந்துவிட்டது. எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். அன்று முதல், சுடுதண்ணீர்க் குழாயில் காற்றுத் துப்பாமல் சீராகத் தண்ணீர் வருகிறதா, சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கினால் அங்கேயும் வருகிறதா, இரண்டையும் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். நின்ற தண்ணீரில் வளரும் ஒருவகைக் கிருமியும் மெக்னீசியமும் சேர்ந்து செய்யும் வேலை அது. வாசனை சேர்க்காத பிளீச் திரவம் 60 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி கலந்து, ஹீட்டர் வரை ஓடவிட்டு, சில மணி நேரம் வைத்து, வாடை போகும்வரை அலசினால் சரியாகும். வினிகர் போட்ட அன்றே பிளீச் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. ஷெட்டில் நிறுத்தும்போதே டேங்கைக் காலி செய்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது. மேனுவலில் குளிர்காலத்துக்கு உறைதடுப்பு திரவம் ஊற்றச் சொல்லியிருக்கும். அது குழாயே உறையும் நாடுகளுக்கு எழுதியது, நமக்கு வேண்டாம்.

நம் ஊருக்கென்று மேனுவல் எழுதினால் நாங்கள் முதலில் குளவியைச் சேர்ப்போம். இரண்டு மாதம் நின்ற வண்டியில் கேஸ் பர்னர் குழாய்க்குள் அது மண்கூடு கட்டிவிடும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக ஆடினாலோ, வெளிமூடியில் கரி படிந்தாலோ உடனே அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். குச்சியை விட்டுக் குத்தாதீர்கள்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: உங்கள் குளியலறை கீசருக்குள்ளும் பெரும்பாலும் இதே ராடுதான் இருக்கிறது.

இனி ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றிய ராடை உங்கள் கண்முன் காட்டி, மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுவோம். பார்ப்பதற்குக் கூலி இல்லை. ஐயப்ப சீசனில் ரோடும் நிறைந்துவிடும், எங்கள் பட்டறையும் நிறைந்துவிடும். கார்த்திகை பிறப்பதற்குள் வண்டியைக் கொண்டுவாருங்கள். ஹீட்டரை முந்தின ராத்திரியே அணைத்துவிட்டு வாருங்கள். கொதிக்கும் டேங்கோடு வந்தால் அது ஆறும்வரை எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கம்பம் பட்டறையிலிருந்து