அந்த ஒற்றைப் புள்ளிக்கு உழைத்த எல்லோருக்கும்

வணக்கம்.

2018-19 ஐ-லீக் தேசியக் கால்பந்துப் போட்டி முடிந்தபோது, கோவையில் ஆடிய நம் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 42. முந்தைய சீசனில் எட்டாவது இடத்தில் முடித்த அணி, தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. கூடவே ஒரு வருத்தமும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல்தான் இந்த நன்றியைச் சொல்ல வேண்டும்.

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டது. அடித்தவர் ரோலண்ட் பிலாலா. 56-வது நிமிடத்தில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்யும்வரை நம் அணி பின்தங்கியே ஆடியது. அந்த நேரம் முழுக்கப் பட்டம் கைநழுவிக் கிடந்ததாகப் பலர் இன்றும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. அன்று காலை நமக்கு 40, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. நாம் தோற்று, கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடிய அவர்கள் டிரா செய்தால் இருவருக்கும் 40. புள்ளி சமமானால் இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். கொல்கத்தாவில் 2-1, கோவையில் 2-1, இரண்டும் நமக்கு. ஆகவே கோழிக்கோட்டில் 0-0 நீடித்தவரை, பின்தங்கியிருந்த நிலையிலும் நாம்தான் மேலே. அந்த இரண்டில் ஒன்று டிராவாகியிருந்தால் நமக்கு 41, அவர்களுக்கு 43. பட்டம் கொல்கத்தா போயிருக்கும். எனவே முதல் நன்றி, நவம்பரிலும் ஜனவரியிலும் அந்த இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் பந்துக்கு முன்னால் உடம்பைப் போட்ட டிஃபென்டர்களுக்கும் கோல்கீப்பருக்கும்.

அடுத்தது கோகுலம் கேரளாவுக்கு. அன்றைய ஆட்டத்தால் அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனாலும் முதல் பாதி முழுக்க ஈஸ்ட் பெங்காலைக் கோல் இல்லாமல் நிறுத்தி, பிறகு மார்கஸ் ஜோசஃப் கோலால் முன்னிலையும் பெற்றார்கள். கடைசியில் 2-1 எனத் தோற்றார்கள். அதற்குள் இங்கே கௌரவ் போரா நம் அணியின் இரண்டாவது கோலை அடித்துவிட்டார். ஈஸ்ட் பெங்கால் 2-1 என முன்னிலை பெற்ற பிறகு நமக்கு டிரா போதாது, வெற்றியே வேண்டும் என்ற நிலை. போராவின் இரண்டாவது கோல் இன்ஜுரி டைமில் விழுந்து 3-1 ஆனபோதுதான் மூச்சு வந்தது.

இனி, பெயர் எங்கும் அச்சாகாத கிரவுண்டு ஊழியர்களுக்கு. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் ஆடவைத்தது தரையோடு தரையாகப் போகும் குட்டைப் பாஸ் ஆட்டம். அதற்குப் புல் குட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், தரையில் ஈரமும் வேண்டும். மார்ச் மாதக் கோவை வெயிலில் நண்பகலில் தண்ணீர் விட்டால் ஆட்டம் தொடங்குமுன் காய்ந்துவிடும். பந்து புல்லில் இழுபட்டு, பத்து மீட்டர் பாஸ் எட்டு மீட்டரில் நின்று எதிரணிக்காரன் காலுக்குப் போகும். ரொம்பத் தாமதமாக விட்டால் திரும்பும் இடத்தில் டிஃபென்டர் வழுக்குவார். பெனால்டி புள்ளி இன்னும் தொல்லை. கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில் உள்ள அந்த இடத்தில்தான் சீசன் முழுக்க ஸ்டட்ஸ் பதிந்து குழியாகும். மணலை மட்டும் கொட்டி மூடினால், உதைக்கும்போது ஊன்றுகால் நழுவி, பந்து பார் மேலே போய்விடும். அதே மைதானத்து மண்ணைக் கலந்து, அடுக்கடுக்காக இடித்து, லேசாக நனைத்து இறுக்க வேண்டும். மான்சியின் அந்த சீசன் 21 கோல்களைப் பேசும்போது, அவர் காலுக்குக் கீழே இருந்த தரையையும் சேர்த்தே பேசுவது நியாயம்.

வருத்தத்துக்கு வருவோம். ஒரு வாரம் முன்பு கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 எனத் தோற்காமல் வென்றிருந்தால் கடைசி நாள் பதற்றமே இருந்திருக்காது. முன்னேறி ஆடும் அணியின் டிஃபென்ஸுக்குப் பின்னால் கிடக்கும் காலியிடம் சீசன் நெடுக நம்மைச் சுட்டது. பிலாலா கோலுக்குப் பிறகு பதறி நீளப் பந்து அடிக்க ஆரம்பிக்காமல் அதே பாஸ் ஆட்டத்தில் நின்றதற்கு அக்பர் நவாஸுக்குத் தனி நன்றி.

அதைவிடப் பெரிய வருத்தம், பட்டம் வென்ற அணிக்கு மேலே ஏற வழி இல்லாமல் போனது. அடுத்த சீசனிலிருந்து ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக்தான் நாட்டின் முதல் நிலை லீக். ஐ-லீக் சாம்பியன் அங்கே ஏறும் வாய்ப்பு 2022-23 சீசனில்தான் திறந்தது, பஞ்சாப் ஏறியது. 2020-இல் நமக்குக் கிடைத்த ஆசியப் போட்டிகளின் சொந்த மைதான ஆட்டமும் அகமதாபாத்தில் நடந்தது. கோவைக்காரர்கள் அதை டிவியில் பார்க்க வேண்டியதாயிற்று. 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தச் சட்டையே இல்லை.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003-04க்குப் பிறகு தேசிய லீக் பட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள் நீங்கள். உங்கள் அணி கடைசி நாள் செய்ய வேண்டியதைச் செய்தது. ஒரு புள்ளியில் தோற்பது எவ்வளவு வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் கொண்டாட்டத்தில் உங்களைக் குறைத்துப் பேசியவர்கள் இருந்தால், அவர்கள் சார்பிலும் மன்னிப்பு கேட்கிறோம்.

கிளப் ஏறவில்லை, பையன்கள் ஏறினார்கள். எட்வின் சிட்னி வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்சி கோவாவுக்கும், அஜித் குமார் பெங்களூரு எஃப்சிக்கும் போனார்கள். சின்ன வயதில் இவர்களுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த வீட்டாருக்கும், விடியற்காலையில் விசில் ஊதிப் பயிற்சி கொடுத்த உள்ளூர் கோச்களுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
கோவை கேலரி ரசிகர்கள்